விடுதிக்குப் போன விதை வத்தல்

இப்போதும் யாராவது உதவி கேட்டு ஓரிடத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் எனக்கு உடம்பு அசந்துவிடுகிறது. அந்த வெயிலும் பஸ்ஸும் காத்திருப்பும் சேர்ந்து காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அய்யா இறந்து இரண்டாவது கோடை அது. அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டுப் புஞ்சை. முந்தின வருஷம் மழை ஏமாற்றியதில் மிளகாய் காய்ந்து போயிருந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ராமநாதபுரத்தில் ஒரு தரும நிதியிலிருந்து விடுதிச் செலவு கொடுக்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். அது கிடைத்தால் எனக்கு ஆறாம் வகுப்பு, கிடைக்காவிட்டால் களைவெட்டு.

முதலில் போனபோது நிதியைக் கவனிக்கிற பெரியவர் ஊரில் இல்லை. அடுத்த தடவை கூட்டம் அதிகம், நாளைக்கு வா என்றார்கள். சொல்கிறவர்களுக்கென்ன, பஸ்ஸுக்கு அவர்களா கொடுக்கப்போகிறார்கள்? மறுபடி கிளம்பும்போது அம்மா பனையோலையில் முடைந்த ஒரு கொட்டானை எடுத்தாள். பெரிய மனுஷரை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கொடுக்க எங்களிடம் இருந்தது குண்டு மிளகாய் வத்தல் மட்டும்தான். கிணற்றடியில் குடத்துத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய செடிகளில் காய்த்தது, அடுத்த விதைப்புக்கென்று பொறுக்கி வைத்திருந்தோம். பாதிக் கொட்டானோடு போக அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அத்தனையையும் கொட்டினாள்.

பெரியவர் கெட்டவரில்லை. எங்களை உட்காரச் சொன்னார். ஒரு வத்தலை எடுத்து உருட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அதுதான் வினை.

“இம்புட்டு நல்ல வத்தல் வெளையிற வீட்டுல என்ன கஷ்டம் தாயி? ஒண்ணுமில்லாதவுக வெளிய நிக்கிறாக. இந்த நிதி அவுகளுக்குள்ளது.”

அவர் தமக்கென்று ஒரு வத்தல்கூட வைத்துக்கொள்ளாமல் கொட்டானைத் திருப்பி நீட்டினார். கொடுத்ததை வாங்க அம்மா கை நீட்டவில்லை. சரி, விடுதிச் சமையலுக்கு ஆகட்டும் என்று உள்ளே அனுப்பிவிட்டார். எங்களுக்கு அடுத்து வெறுங்கையோடு போனவளின் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அவர்களுக்கும் வேண்டியதுதான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபமெல்லாம் அம்மா மேல். பஸ்ஸில் அழுதுகொண்டே கேட்டேன், அது விதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

“விதைன்னு சொன்னா அவரு எப்பிடி வாங்குவாரு? கொண்டுபோனத வாங்காம அனுப்புனா நமக்குக் கேவலமில்லையா?”

அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவளுக்கும் இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை கேட்காமலே கொட்டித் தீர்த்தது. ஊர் முழுக்க மிளகாய் விதைத்தார்கள். யாரிடமாவது ஒரு கை விதை கேட்கலாமே என்றேன். நம்மிடம் இல்லை என்று ஊருக்கே சொல்லணுமா என்றாள் அம்மா. எங்கள் விதை அதற்குள் நான் சேராத விடுதியின் குழம்பில் கரைந்து முடிந்திருக்கும்.

எங்கள் புஞ்சையில் புல் முளைத்தது. நாங்கள் இருவரும் அடுத்த புஞ்சைக்குக் கூலிக்குக் களைவெட்டப் போனோம். இதை எழுதுகிற எழுத்தெல்லாம் அந்த ஐந்தாம் வகுப்புக்குள் கற்றதுதான்.