குடத்தில் வந்த அருவி

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த முதல் சாரல் காலத்தில், சோறு வடிக்கும்போது பானை சரிந்து கொதிகஞ்சி முழுவதும் என் வலது கையில் கொட்டியது. குற்றால அருவியில் மலை மூலிகையெல்லாம் கரைந்து வருகிறது, அது தீர்க்காத வியாதி கிடையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் வீட்டுக்காரருக்கு அது வேதவாக்கு. விடியுமுன் மேலகரம் வழியாகச் சைக்கிளில் அருவிக்குப் போய், வழியெல்லாம் சிந்தியது போக மிச்சத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவருவார். புண்ணைக் கழுவித் துணி கட்டுவதும் அவரே. "பொண்டாட்டிக்குத் தண்ணி சுமக்கான் பாரு" என்று தெருவே கேலி செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு காலையில் கட்டை அவிழ்த்தால் துணியெல்லாம் பச்சை.

"ஏட்டி, பாத்தியா! மூலிகைச் சாறு இறங்குது" என்று அவர் குதித்தார்.

எனக்கோ காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. புண்ணில் அழுகின பழம்போல ஒரு தித்திப்பு வாடை. "சாறுமாச்சு, ரசமுமாச்சு! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் துணியைப் பார்த்ததுமே அவர் பக்கம் திரும்பினார். "என்ன தண்ணிவே ஊத்துனீரு? இது மூலிகை இல்லவே, கிருமி. வெந்த புண்ணுல காய்ச்சாத தண்ணி படலாமா? இன்னும் உள்ள இறங்குச்சுன்னா விரல எடுக்க வேண்டியதுதான்."

வலது கை விரல்! வீட்டுக்காரரைத் திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

அழுகின தோலை வெட்டியெடுத்து, காடிபோலப் புளித்த வாடையடிக்கும் மருந்தில் நனைத்த துணியை மாற்றி மாற்றி வைத்தார்கள். எரிச்சலில் வார்டையே ஏசினேன். அவர் தினமும் வருவார். தன் கை பட்டால் ஆகாது என்று வாசலோடு நின்றுகொள்வார். பச்சை மெல்ல வெளிறியது. துணி வெள்ளையாகவே வந்த அன்று நர்சம்மா அதை வாசலுக்குக் கொண்டுபோய் அவரிடம் விரித்துக் காட்டினார். மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போனோம். அவர் துண்டோடு தூரத்திலேயே நின்றார்.

"நீ குளி. எனக்கு வேண்டாம்."

"அருவி என்ன பாவம் பண்ணுச்சு? முழுத்தோலோட இருக்கவங்க தாராளமாக் குளிக்கலாம். வாங்க."

தழும்பேறிய வலது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஆண்கள் குளிக்கும் பக்கம்வரை இழுத்துப்போனேன். சுண்டுவிரல் மட்டும் சரியாக மடங்கவில்லை.

"விடுட்டி, வலிக்குது" என்றார்.

விடவில்லை.