பிரித்துக் கொடுத்த கிட்டார்

என் தங்கை தையல் மெஷின் மெக்கானிக். நானும் அதேதான். பட்டறை என் பேரில் இருக்கிறது. ஆனால் வாசலில் மெஷினை ஓட்டிக் காட்டும்போதே, சத்தத்தை வைத்துக் கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்வது அவள்தான். நான் எட்டாவது வரை படித்தேன், அவள் பத்தாவது வரை. இதை முதலிலேயே எழுதக் காரணம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருவர் ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

அவர் அவளுடைய கணவர். ஒரு பாட்டுக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர். வீட்டுக்கு யாராவது வந்தால் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டு, "இது என்ன, சொல்லு பாப்போம்" என்று அவளைக் கேட்பார். அவள் "திருகாணி" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பை நான் மூன்று முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, குழுவின் பாடகியோடு குடித்தனம் போய்விட்டார். மிக்சி, மெத்தை, குளியலறை வாளி வரைக்கும் வண்டியில் ஏற்றினார். கிட்டாருக்கு மட்டும் இடமில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன். சாயங்காலம் ஒரு கம்பெனி ஆண்டு விழாவுல வாசிக்கணும். அதைத் தொட்டுடாத. உனக்கு அதுல தலை எது வால் எதுன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கிட்டாரைப் பட்டறைக்குத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தாள். என் கை தானாகச் சுத்தியலைத் தேடியது.

"உடைச்சுப் போட்டுடலாம்டி."

"உடைச்சா வயித்தெரிச்சல்ல பண்ணினான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. பிரிச்சுக் குடுக்கறேன்க்கா. ஒவ்வொண்ணு மேலயும் பேர் எழுதி. அவரே பூட்டிக்கட்டும், தெரிஞ்சா."

எனக்குச் சுத்தியலைவிட அது பிடித்திருந்தது.

பேர் எழுத வேண்டுமென்றால் பேர் தெரிய வேண்டுமே. போனில் ஒரு வீடியோவை ஓட்டி, நிறுத்தி, நோட்டில் படம் போட்டு எழுதினாள். நட்டு என்றால் எங்களுக்கு ஆறு பட்டை இரும்பு. இங்கே கழுத்தின் உச்சியில் ஆறு கம்பிகளும் உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு அந்தப் பேர். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள் ஃப்ரெட், மொத்தம் இருபத்திரண்டு. கம்பிக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மயிரிழைக் கம்பியுமாக இருப்பது பிக்கப். அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம மோட்டார் காயிலோட ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றாள். உடம்புப் பக்கம் கம்பிகள் போய் முடியும் பிரிட்ஜையும், அதன்மேல் கம்பிக்கு ஒன்றாக இருக்கும் குட்டி சேடில்களையும் இரண்டு நாள் மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வேன். ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து.

வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தொரு பிளாஸ்டிக் பொட்டலங்கள் தயார். பேர்ச் சீட்டுகளை நான்தான் அளவாக வெட்டி ஒட்டினேன். கிட்டாரின் உடம்பு உரித்த கோழி மாதிரி கிடந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்தார்.

"என்னடி இது?"

"உங்க கிட்டார். ஒரு திருகாணிகூடக் குறையல. எண்ணிக்கோங்க."

அவர் முகம் போன போக்கை நான் அவசரப்படாமல் பார்த்தேன். ஒரு கடைக்குப் போன் போட்டார். பத்து நாள் ஆகும் என்றார்களாம். என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் எட்டாவதுதான் தம்பி. எனக்கென்ன தெரியும்?"

தானே பூட்டப் பார்த்தார். ஒரு திருகாணியைத் தப்பான ஓட்டையில் கொடுத்துவிட்டு, அதை வெளியே எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. பிறகு குரல் இறங்கியது.

"பூட்டிக் குடு."

"பூட்டறேன். நீங்க ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க. பேரைச் சொல்லிக் குடுங்க."

சீட்டு தெரியாதபடி பொட்டலங்களை நான் கவிழ்த்து வைத்தேன்.

பிக்கப் சொன்னார். வால்யூம் சொன்னார். அதற்குமேல் தடுமாறினார்.

"இது வந்து... கம்பிக்கு அடியில வருமே, அந்தக் குட்டி இது."

"எந்த இது?"

மெஷினோடு காத்திருந்த தையல்காரம்மா பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். "ஏம்ப்பா, பேர்கூடத் தெரியாம இத்தனை வருஷம் என்னத்த வாசிச்ச?"

"தெரியல" என்றார் அவர். மொத்தம் ஒன்பது முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் என் தங்கை பேரைச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவைத்து, அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. எங்கள் கையை விட்டுப் போகும் எதையும் நான் ஒருமுறை சரிபார்ப்பேன். ஆறு சேடில்களும் ஒன்று முன்னே, ஒன்று பின்னே நின்றன. எனக்குக் கண் உறுத்தியது. இரும்பு ஸ்கேலை வைத்து ஆறையும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நிறுத்தினேன். பட்டறைப் பழக்கம். அவர் சுருதி சேர்த்து, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, நன்றி என்ற ஒரு சொல் இல்லாமல் ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவின் அடுத்த பாடத்தைப் போட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதில் சொன்னார்கள்: சேடில்கள் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. கம்பியின் கனத்துக்குத் தகுந்தபடி முன்பின்னாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கை கழுத்தில் உடம்புப் பக்கமாக ஏற ஏறச் சுருதி விலகும்.

"அப்ப நேத்து மேடையில..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் சிரித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வயிறு குளிர்ந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேல போகப் போக அபசுரமா கேக்குது. அத்தனை பேர் முன்னால மானம் போச்சு. பாட்டை நிறுத்திட்டு அவளே என்னைத் திட்டினா. என்னடி பண்ணின?"

"அது சேடில். அரை மணி நேர வேலைதான். கொண்டு வந்து வரிசையில வெச்சிட்டுப் போங்க. உங்களுக்கு முன்னாடி பதினாலு மெஷின் இருக்கு."

அன்று பட்டறையில் இருந்தவை ஒன்பது. நான் திருத்தவில்லை.