இறங்குகிறவர்களுக்கு இரண்டு

இந்த ஐப்பசியில் காலமான சின்னத்தாயி, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்தது 1972இல். கணவர் இறந்த மறு வருஷம் அது. வந்ததும் பஸ் ஸ்டாண்டு அருகே இட்லிக் கடை போட்டார். இட்லி ஒன்று நாற்பது கிராம். நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிராமுக்கு மேல் பிசகாது. பஸ் பயணிகள் ஆளுக்கு நான்கு சாப்பிடுவார்கள். பதினைந்து வருஷம் கடை அப்படியே ஓடியது.

1987இல் எதிரே ராஜேந்திரன் ஓட்டல் திறந்தார். அங்கே இட்லி எழுபது கிராம். தோசை தட்டைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் சின்னத்தாயியின் பெஞ்சுகள் காலியாயின. வந்த ஒன்றிரண்டு பேரும் சும்மா சாப்பிடவில்லை.

"ஏனுங்க அக்கா, மாவு பத்தலீங்களா? பொம்மைக்கு வெச்ச சோறாட்டம் இருக்குது."

கடை போனால் வேறு பிழைப்பில்லை. சேலம் போய்ப் பெரிய குழித் தட்டு வாங்கி வந்தார். கூட்டம் திரும்பியது. இட்லி பெருத்தும் எண்ணிக்கை குறையவில்லை. பழகிய வாய் நான்குதான் கேட்டது.

பத்தாம் நாள், கீழே போய்விட்டு மேலே வந்த கண்டக்டர் அங்கப்பன் கடை வாசலில் நின்றார்.

"அக்கா, உங்க இட்லி பூராவும் எங்க பஸ்ஸுக்குள்ள கெடக்குது. எறங்கறப்ப எட்டு வளைவுகூடத் தாண்டல."

"எதுத்த ஓட்டல்லயுந்தான் திங்கறாங்க. அவருகிட்டச் சொல்றது?"

"அவரு வந்து பாக்க மாட்டாருங்க. நீங்க பாப்பீங்க."

சின்னத்தாயி போய்ப் பார்த்தார். பஸ்ஸைத் தானே கழுவிவிட்டார்.

மறுநாள் அடுப்பில் இரண்டு தட்டும் ஏறின. உட்கார்ந்தவர்களிடம் முதலில் ஒரே கேள்வி: "எறங்கறீங்களா, தங்கறீங்களா?" இறங்குகிறவர்களுக்குச் சின்னதில் இரண்டு. அதற்கு மேல் கேட்டால் இல்லை.

"அடிவாரத்துல தின்னுக்குங்க சாமி. நடுவுல இருவது வளைவு இருக்குது."

சிலர் எழுந்து எதிரே போனார்கள். அவர் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம், "அக்கா கடையில தின்னவங்க முன்னால ஏறுங்க" என்று கண்டக்டர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் பக்கத்துக் கிராமமான வாழவந்தியைச் சேர்ந்த பெருமாள், சேலம் போகிற வழியில் மனைவி மாரியம்மாளோடு வந்தார். வழியனுப்ப வந்த மனைவிக்குப் பெரியது நான்கு. அவருக்குச் சின்னது இரண்டு.

"ஏனுங்க, அவளுக்கு மட்டும் மலையாட்டம் வெக்கறீங்க?"

"அவுங்க ஊட்டுக்கு நடக்கோணும். நீங்க உக்காந்துட்டுத்தான போறீங்க."

"நொம்பச் சரிங்க அக்கா" என்றாள் மாரியம்மாள்.

பெருமாள் தின்றுவிட்டு எழுந்தார். அந்த இடத்துக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள்.