அமலதாஸ் துணைக்கு அழைத்த கிரேக்கச் சொல்

அமலதாஸ் புதுவயல் அரிசி மில்லில் முப்பத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே அவருக்கு மேலே முதலாளி, முதலாளியின் மகன், மகனின் மச்சினன். வாய் திறக்க வழியில்லை. ஓய்வு பெற்றுக் காரைக்குடி வீட்டோடு வந்து சேர்ந்த மறுமாதமே அன்பியத்துக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். பங்குக் கோயிலைச் சேர்ந்த இருபத்தெட்டுக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டம் அது. பதவிக் காலம் மூன்று வருஷம். மனிதர் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நின்று நாற்காலி இறக்குவார். அதில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அவரே சொல்வார், அவ்வளவுதான். அக்டோபரில் மாதா சுரூபத்தை வீடுவீடாகத் தூக்கிப் போய் ஜெபிப்பார்கள்; வரிசை அவர் வைத்தது. போன வருஷம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து ஓடிவந்த ஆன் மேரி ஜெபத்துக்குப் பத்து நிமிஷம் பிந்திவிட்டாள் என்று, மாதா அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். மாதாவுக்கு இதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் அந்த ஆன் மேரியையே பொறுப்பாளராக்கலாம் என்று பேச்சு கிளம்பியதும் அமலதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. பொறுப்பு போய்விட்டால் காலையில் எழுந்து யாருக்குப் போன் செய்வது? உள்ளூரப் பயந்துபோனார். பயத்தில் பைபிளைப் புரட்டியவருக்குத் திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதம் கை கொடுத்தது. பெண் ஆணுக்குக் கற்பிக்கவும் கூடாது, அவன்மேல் அதிகாரம் செலுத்தவும் கூடாது என்று பவுலடியாரே எழுதிவிட்டார். அப்புறம் ஆன் மேரி யார்?

பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கூட்டம் அவர் வீட்டிலேயே நடந்தது. வசனத்தை இரண்டு தரம் வாசித்தார். போதாதென்று, வந்திருந்த பங்குச் சாமியார் சகாய ஆண்டனியின் பக்கம் திரும்பினார்.

“சாமி, நீங்க ரோமாபுரியில கிரேக்கம் படிச்சுட்டு வந்திருக்கீக. மூலத்துல என்ன போட்டிருக்குன்னு நீங்களே சொல்லிருங்க. பெறகு யாரும் வாய் பேசப்படாது.”

சாமியார் தயங்கினார். “அங்க இருக்கிறது அவ்தெந்தேயின்னு ஒரு சொல்லுங்கய்யா. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு எடத்துலதான் வருது. வழக்கமா அதிகாரத்துக்குப் பவுல் போடுற சொல்லு வேற. அதனால இன்னிக்கு வரைக்கும் வழக்குத் தீரலை. சும்மா அதிகாரம் செலுத்துறதுதான்னு சில பேரு சொல்றாக. இல்லை, தானா அதிகாரத்தைக் கையில எடுத்துக்கிட்டு அடுத்தவுகளை அமுக்கி வைக்கிறதுன்னு சில பேரு.”

காப்பித் தட்டோடு வந்த அருளம்மாள் நின்றாள். நாற்பது வருஷமாக அமலதாஸோடு குடும்பம் நடத்துகிறவள்.

“அப்படி அமுக்குறதைப் பொம்பளைக மட்டுந்தான் செய்யக்கூடாதா சாமி? ஆம்பளைக செய்யலாமா?”

“யாருமே செய்யக்கூடாதும்மா. உங்கள்ல பெரியவனா இருக்கணும்னு நெனைக்கிறவன் தொண்டனா இருக்கட்டும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அமலதாஸ் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார்.

“சரி, ஆன் மேரி வேணும்னு நெனைக்கிறவுக கையைத் தூக்குங்க” என்றார் சாமியார்.

ஒரு கையும் எழவில்லை. அமலதாஸுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நம் ஜனங்கள் நம்மை விட்டுக்கொடுப்பார்களா என்று பெருமையாக நிமிர்ந்து பார்த்தார். அத்தனை கண்களும் அவர் முகத்தின் மேல் இருந்தன. அப்போதுதான் விளங்கியது. பதினோரு வருஷமாக அவர் கண்ணைக் காட்டாமல் அந்தக் கூட்டத்தில் எவரும் கை தூக்கியதில்லை. இப்போதும் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள்.

அமலதாஸுக்கு அவமானமாக இருந்தது. “தூக்குங்க” என்றார்.

அவர் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் கேட்டது அன்று ஒருநாள்தான்.