பக்கத்து மேசையைக் கேளுங்க

ரயில் நிலைய விசாரணை மேசையில் அந்த அம்மாவுக்குப் பதினான்கு வருட வேலை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம், "வாசல்ல கையைப் பிடிச்சு இழுக்கிறவங்களோட போகாதீங்க. தங்க இடம் வேணும்னா பக்கத்து மேசையைக் கேளுங்க" என்பார். அங்கே பயணிகளுக்குத் தங்குமிடம் சொல்லும் பக்கத்து மேசைக்காரி அவருடைய உயிர்த் தோழி. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

ஒரு காலை, முந்தின நாள் வந்த தம்பதி கண்கலங்கி நின்றார்கள்.

"பக்கத்து மேசைக்காரங்க அனுப்பின லாட்ஜ்லதாம்மா எங்க பெட்டி திருடு போச்சு. ஏற்கெனவே நாலு பேருக்கு இப்படித்தானாம். முதலாளி அவங்க தம்பியாம்."

அந்த அம்மா தோழியிடம் திரும்பினார். "உன் தம்பி லாட்ஜா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா நீ ஆள் அனுப்பியிருப்பியா?" என்றாள் அவள், நிமிராமலே.

கூட இருந்தே குழி பறித்தவளோடு அவர் சண்டை போடவில்லை. தம்பதியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். புகாரில், "இவர்களை அவளிடம் அனுப்பியது நான்தான்" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.