ஊற்றுத் தண்ணீரும் ஒற்றை முகடும்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிரித்தெடுத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத வேறொன்று கலக்கவில்லை என்று சத்தியம் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் கொல்லிமலையில். மிளகு இலையைச் சுருட்டிக் குட்டையாக்கும் வைரஸை அடக்க, குட்டி ஆர்.என்.ஏ. இழைகளை மருந்தாகத் தெளித்துப் பார்ப்பது வேலை. இழை உடையாமல் இருக்கிறதா என்று முதலில் லிக்விட் குரோமட்டோகிராபி கருவியில் ஓட்ட வேண்டும். விரல் நீள எஃகுக் குழாய்க்குள் கரைசலை அழுத்தித் தள்ளினால், உடைந்த துண்டுகள் முந்திக்கொண்டு வரும், முழு இழை நிதானமாகப் பின்னால் வரும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு முகடு எழும். ஒரே முகடு என்றால் தெளிக்கலாம்.

கையுறை

வாசலூர்பட்டி செல்லம்மாக்காவுக்குப் பாதிக் கொடிகள் போய்விட்டன. மிச்சத்துக்கும் நோய் தாவுமுன் தெளித்தாக வேண்டும். பரிசோதனைக்குக் கொடி தரச் சம்மதித்தது ஊரில் அவர் மட்டும்தான்.

மருந்தைப் பார்க்க வந்தவர் குப்பியை எடுக்கக் கை நீட்டினார். பதறிப்போய்த் தடுத்தேன். விரல் வியர்வை பட்டாலே இழை துண்டு துண்டாகிவிடும், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்றேன். அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை பட்டுத்தான் கண்ணு அத்தனை கொடியும் வளந்துச்சு. இதுல அப்படி என்ன வெசம் இருக்குதுங்கற?"

சுத்தமான தண்ணீர்

முதல் ஓட்டத்தில் திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி குட்டிக் குட்டி முகடுகள். இழை தூளாகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்ததே இரண்டு குப்பி, அதில் ஒன்று போச்சு.

எங்கள் டெக்னீஷியன் முத்து இந்த மலைக்காரர். மருந்துப் பொடியைக் கரைத்த தண்ணீர் எது என்று அவரிடம் கேட்டேன். கிருமி நீக்கி வரும் கம்பெனித் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம். மேட்டு ஊற்றில் பிடித்து அதே பாட்டிலில் நிரப்பி வைத்தாராம். ஊற்றில் இருக்கும் கிருமிக்கெல்லாம் ஆர்.என்.ஏ. விருந்தல்லவா என்று கத்திவிட்டேன். முத்துவுக்கு முகம் சிவந்தது. "என்னையத் திட்டுங்க மேடம், வாங்கிக்கறேன். எங்க தண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒற்றை முகடு

புதுத் தண்ணீர் பஸ்ஸில் மலையேறி வந்தது. கடைசிக் குப்பியைக் கரைத்து ஒரு துளியை ஓட்டும்போது செல்லம்மாக்காவும் வந்து நின்றார். கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. உடைசல் வர வேண்டிய இடம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு முகடு, ஒல்லியாக, உயரமாக, தன்னந்தனியாக!

நானும் முத்துவும் சண்டையை மறந்து குதித்தோம். அக்காவுக்கு எங்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "இத்தன நேரம் காத்துக் கெடந்தும் ஒண்ணுதான் வந்துச்சா சாமி?"

புது இலை

அன்றே தெளித்தோம். மழை பிடித்த பிறகு ஒரு காலையில் அக்காவின் போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. "கண்ணு, புது எலை சுருளலை, நேரா விரிஞ்சிருக்குது. நீ குடுத்த கையொறையப் போட்டுக்கிட்டுத்தான் தொட்டுப் பாத்தேன்."

அந்த ஒற்றை முகட்டை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒட்ட ஒரே ஒரு இலை கேட்டேன், மருந்து தெளிக்க எத்தனையோ ஆபீஸில் அனுமதி வாங்கிய எனக்கு அக்காவிடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.