கண்ணாடி அலமாரியில் இருந்த காது மெஷின்

என் மகள் ஷெரினுக்குக் காது கேட்காது. இந்த ஒரு வரியை வாயால் சொல்லக் கூடாது என்று எனக்குப் பல மாதம் தடை இருந்தது. சொன்னால் அவிசுவாசம் என்றார்கள். அதனால் இன்றைக்குச் சாட்சி சொல்ல எழுந்ததும் முதலில் அதைத்தான் சொல்கிறேன். அவளுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்து கேட்காது. இன்றைக்கும் கேட்காது. ஆனாலும் என் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். எப்படி என்று சொல்கிறேன்.

என் பெயர் ஹெலன். காக்ஸ் டவுனில் இருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் படிக்கும் ஒரு ஸ்கூலில் டீச்சராக இருக்கிறேன். என் கணவர் எட்வின் லிஃப்ட் சர்வீஸ் வேலை பார்க்கிறார். ஷெரின் எங்களுக்கு ஒரே பிள்ளை. இப்போது ஏழாவது படிக்கிறாள். நாலு வயதிலிருந்து இரண்டு காதிலும் மெஷின் போட்டுத்தான் பேசக் கற்றுக்கொண்டாள். ஒரு வார்த்தை சரியாக வருவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி. 'ச' அவளுக்கு இன்னும் கொஞ்சம் தடித்துத்தான் வரும். இருந்தாலும் வீட்டில் தமிழ், கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ் என்று வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை.

நாங்கள் இரண்டு பேரும் பழைய கன்டோன்மென்ட் சபை ஒன்றில் ஞானஸ்நானம் எடுத்து, திடப்படுத்தல் பெற்று, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவர்கள். அந்தச் சபையை ஏன் விட்டோம் என்றால், அங்கே கமிட்டி எலெக்‌ஷன் சண்டை. ஒரு வருஷாந்தரக் கூட்டத்துக்குப் போலீஸ் வந்தது. பிரசங்கத்தில் ஆயர் பேசியது பாதி எதிர்க்கட்சிக்குப் பதில், மீதி கட்டிட வேலை. எட்வினுக்கு மனசு விட்டுப்போனது. கூட வேலை செய்கிறவர் ஒருவர் ஓல்ட் மெட்ராஸ் ரோடு பக்கம் ஃபர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் ஆராதனைக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் நான் அங்கே அழுதேன். வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்றார்கள். ஷெரினுக்குக் காய்ச்சல் வந்தபோது நாலு பேர் கஞ்சியோடு வந்தார்கள். அன்பு இருந்தது. ஆனால் வேதம் இல்லை. இது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது. கையில் பைபிள் எடுத்துப் போனால் திறக்க வேலையே இருக்காது. ஸ்கிரீனில் அரை வசனம் வரும். அந்த அரை வசனத்தை வைத்துக்கொண்டு வீடு, வேலை, விசா, சுகம் எல்லாம் உனக்குத்தான், வாயால் அறிக்கை பண்ணு, வந்துவிடும், மருந்தைத் தூக்கி எறி என்பார் பாஸ்டர். வசனத்தின் மறு பாதியை நான் வீட்டில் வந்து பார்ப்பேன். அதில் மனந்திரும்புதல் இருக்கும், பாடு இருக்கும், சிலுவை இருக்கும். அதெல்லாம் அங்கே வராது.

ஒரு தடவை பாஸ்டரிடமே கேட்டேன். பவுல் தன் பலவீனம் நீங்கக் கெஞ்சியும் அது நீங்கவில்லையே, தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு இருந்ததே, அவர்களுக்கும் விசுவாசம் இல்லையா என்று. அவர் சிரித்துவிட்டு, அது பழைய சபைப் போதனை, உங்களை இவ்வளவு நாள் கட்டி வைத்திருந்ததே அதுதான் என்றார். எட்வினுக்கு என்மேல் கோபம். பாஸ்டரைக் கேள்வி கேட்கலாமா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்து ஒரு சுகமளிக்கும் கூட்டம் வைத்தார்கள். ஷெரினை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. மெஷினைக் கழற்றச் சொன்னார் பாஸ்டர். அவளுக்கு முதுகுப் பக்கமாகப் போய் நின்று கையை உயர்த்தினார். உடனே டிரம்ஸ் இடித்தது. ஷெரின் சட்டென்று திரும்பினாள். ஹாலே எழுந்து நின்று கத்தியது. பக்கத்தில் இருந்த சிஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அந்த டிரம்ஸை அடித்தவர் எட்வின். அங்கே வாத்தியம் வாசிக்கிற குழுவில் அவர் இருந்தார். பாஸ்டர் கை தூக்கினால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவர் அழுதுகொண்டே அடித்தார். அதை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது ஷெரின் என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "மம்மி, எனக்கு ஒண்ணும் கேக்கல. கீழே பலகை அதிர்ந்துச்சு. கால்ல தெரிஞ்சுச்சு. அதான் திரும்புனேன்."

எட்வினுக்கு முகம் மாறிவிட்டது. அப்படிப் பேசாதே, கிடைத்ததைப் பிசாசு திருடிக்கொள்வான் என்றார். அவர் சொன்னதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

மெஷின் இரண்டும் எங்களிடம் திரும்பி வரவில்லை. ஹால் வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. ஊன்றுகோல், இடுப்பு பெல்ட், மூக்குக்கண்ணாடி என்று சுகமானவர்கள் விட்டுப்போனதாகச் சொல்லி உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்கள். அதில் என் பிள்ளையின் காது மெஷினும் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே பாஸ்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பிள்ளைக்குக் கேட்கவில்லை, மெஷினைக் கொடுங்கள் என்றேன். கேட்கவில்லை என்பது வெறும் அறிகுறி, அறிகுறியை நம்பாதீர்கள், வசனத்தைக் காட்டி ஆவியானவரைத் தடுக்காதீர்கள் என்றார். அதற்குள் அந்த வீடியோவை இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள், என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். முடியாது என்றேன். அன்றிலிருந்து அங்கே நான் அவிசுவாசி.

வேறு மெஷின் வாங்கியிருக்கலாமே என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். அப்போது அதற்கு எங்களிடம் வழி இல்லை. வழி இருந்திருந்தாலும் எட்வின் விட்டிருக்க மாட்டார். வாங்கினால் தேவனைப் பொய்யராக்குவதாம்.

அந்த மாதங்களில் வாய் ஓயாத பிள்ளை ஊமை மாதிரி ஆனாள். கிளாஸில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொள்வாள். டீச்சர் கூப்பிட்டு, மெஷின் எங்கே என்று கேட்டார். நான் என்ன சொல்ல? காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்றா?

ராத்திரி முழங்காலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு ஜெபம் பண்ணுவாள். கையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள். "மம்மி, எனக்கு விசுவாசம் இல்லையா? இல்ல, ஜீசஸுக்கு என்னைப் பிடிக்கலையா?"

அன்றைக்கு என் ஜெபம் மாறியது. அதுவரைக்கும் நானும் காதைக் கொடும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இப்படிச் சொன்னேன். ஆண்டவரே, காது கொடுப்பதும் கொடுக்காததும் உம்முடைய சித்தம். ஆனால் இந்த மனுஷர்கள் செய்ததற்காக என் பிள்ளை உம்மை வெறுத்துவிடக் கூடாது. அந்த மெஷின் அவளுக்குத் திரும்ப வர வேண்டும். இந்த இரண்டை மட்டும் செய்யும்.

ஆடி மழைச் சாரலில் ஒரு சாயங்காலம் மார்க்கெட் முன்னால் ரோடு தாண்டும்போது ஷெரின் என் கையை விட்டு இரண்டு அடி முன்னால் போய்விட்டாள். பின்னாலிருந்து ஸ்கூட்டர். ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்தார். எல்லாருக்கும் கேட்டது. கீழே விழுந்தவள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏன் விழுந்தோம் என்றே தெரியாமல் என்னைப் பார்த்தாள். ஸ்கூட்டர்காரர் பதறிப்போய் என்னிடம் கேட்டார். "ஏனம்மா, மகளிகே கிவி கேளல்வா?" பிள்ளைக்குக் காது கேட்காதா என்று.

"கேளல்ல சார்" என்றேன்.

அத்தனை மாதம் கழித்து அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு நடுரோடு தேவைப்பட்டது. சபையில் சொல்ல முடியாத உண்மையை ஒரு அந்நியரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிவரைக்கும் பின்னால் வந்தார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். சபையிலிருந்து ஃபோன் வந்தது. தாயின் சந்தேகத்தால் வந்த தாக்குதல் என்று சொல்லிவிட்டு, ஃபோனிலேயே ஜெபம் பண்ணினார்கள். ஆமென் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் புதன்கிழமை உபவாச ஜெபம். எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. வாசலில் அந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் மெஷின் இரண்டும் தெரிந்தன. பக்கத்தில் பெயரும் வயதும் எழுதி ஒரு அட்டை. உடைக்கத் தோன்றியது. கர்த்தாவே, நான் பாவம் செய்வதற்கு முன்னால் நீர் ஏதாவது செய்யும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாஸ்டரம்மா வெளியே வந்தார். பாஸ்டருடைய மனைவி. எப்போதும் முன்வரிசையில் சிரித்த முகமாக இருப்பார். என்னோடு அதிகம் பேசியதில்லை. என்னைத் துரத்தத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, மெஷின் இரண்டையும் தன் முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார்.

பாஸ்டருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் என் பக்கத்தில் குனிந்தார்.

"ஹெலன் சிஸ்டர், எனக்கு சுகர் இருக்கு. தினம் காலையில பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஊசி போட்டுக்கறேன். வாங்கிட்டு வந்து கொடுக்கறதே அவர்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னால வெளியில சொல்ல முடியல. நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. பேர் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சிரித்த முகத்தோடு உள்ளே போனார்.

படியிறங்கும்போது எனக்கு நன்றியும் வந்தது, கசப்பும் வந்தது. எது அதிகம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. மருந்தைத் தூக்கி எறியச் சொன்ன வாயை நம்பி எத்தனை பேர் எறிந்தார்களோ. ஆனால் என் ஜெபத்தில் ஒரு பாதி அந்தப் புதன்கிழமை நிறைவேறியது. நான் எதிர்பார்த்த கையால் அல்ல. ஆண்டவர் அந்தப் பாவப்பட்ட பெண்ணின் கையைப் பயன்படுத்தினார். பாஸ்டரம்மாவுக்காக நான் ஜெபிக்காத நாள் இல்லை.

காதுக்குள் வைக்கும் மோல்டு அதற்குள் சின்னதாகிவிட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டாளே. மெஷின் கீச் கீச் என்றது. மெஷின் பொருத்துகிற ஆடியாலஜிஸ்ட் என்னைத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். புது மோல்டு வந்து, ஷெரின் மெஷின் போட்ட அன்றைக்கு சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்புறம் சிரித்தாள். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டுத்தான் திரும்பினாள்.

எட்வின் எங்களோடு மூன்று வாரம் பேசவில்லை. மேடையிலிருந்து எங்கள் பெயரைச் சொல்லாமல் எங்களைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. கஞ்சி கொண்டுவந்தவர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த வீடியோவை எடுக்கச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன். இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே ஆமென் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பழைய சபைக்குத் திரும்பிப் போனேன். ஆயர் சந்தோஷமாக வரவேற்றார். வருகிற எலெக்‌ஷனில் ஓட்டு யாருக்கு என்று இரண்டாவது வாரமே இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். ஒரு பக்கம் பொய்யைப் போதிக்கிறார்கள், இன்னொரு பக்கம் எதையுமே போதிப்பதில்லை. பசித்த ஆடு எங்கே போகும்?

அப்போதுதான் ஜோகுபாளையத்தில் உங்கள் வீட்டுக் கூட்டத்தைப் பற்றி ஸ்கூலில் ஒரு டீச்சர் சொன்னார். மைக் இல்லை, மேடை இல்லை. நாலைந்து குடும்பம், பிளாஸ்டிக் நாற்காலி. பைபிளில் ஒரு நிருபத்தை எடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும், பிடித்ததும் பிடிக்காததும் விடாமல் வாசிக்கிறீர்கள். முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னால், வாசல் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன்.

பவுல் தன் பலவீனத்தை முள் என்று சொல்லும் பகுதியை வாசித்த அன்றைக்கு உங்களில் பலர் இருந்தீர்கள். ஷெரின் கை தூக்கினாள். அவரும் கேட்டாரா என்றாள். மூன்று தடவை கேட்டார் என்று சொன்னீர்கள். ஆண்டவர் எடுத்துப்போட்டாரா என்றாள். இல்லை, கிருபை போதும் என்று பதில் வந்தது என்றீர்கள்.

"அப்ப ஜீசஸுக்கு என்மேல கோபம் இல்ல" என்றாள்.

நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். நான் ஏன் அழுதேன் என்று உங்களில் சிலர் அப்புறம் கேட்டீர்கள். இதனால்தான். என் ஜெபத்தின் மறு பாதி உங்கள் கண் முன்னால் நிறைவேறியது. மேடை போட்டு அதிர வைத்தவர்களால் தர முடியாததை, விடாமல் வாசித்த ஒரு பக்கம் தந்தது. என் ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

எட்வின் இன்னும் அங்கேதான் போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு திசையில் கிளம்புகிறோம். போன வாரம் எங்களை வண்டியில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குச் சுகம் வேண்டும் என்று ஏங்கின தகப்பன், அந்த ஏக்கத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நீங்கள் எந்தச் சபைக்குப் போனாலும் போங்கள், பெரியது சின்னது எனக்கு முக்கியம் இல்லை. பைபிளைக் கையில் எடுத்துப் போங்கள். திறந்து பாருங்கள். இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நமக்கு என்ன குறை என்று அவருக்குத் தெரியும், நாம் மறைத்துக் காப்பாற்ற வேண்டிய பெயர் அல்ல அவருடைய பெயர்.

ஜெபித்தும் குணமாகாதவர்கள் யாராவது இங்கே இருக்கலாம். வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருக்காதீர்கள். முன்னால் வந்து எங்களோடு உட்காருங்கள். நாங்கள் யாரும் உங்களை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டோம்.